சட்டைப்பையில் ஓர் ஆபீஸ்!

நண்பர் ஒருவர் ஆடிட் வேலையாகத் திருச்சி கிளைக்குப் போனார். அங்கே கொடுத்த கம்ப்யூட்டரில் எக்ஸெல் ஃபைலைத் திறக்கவே வழியில்லை. சாஃப்ட்வேர் போடலாம் என்றால், 'அட்மின் பாஸ்வேர்டு எங்கே?' என்று வழிமறித்தது. அது தெரிந்த ஒரே ஆசாமி கல்யாண லீவில்!

நண்பர் அசரவில்லை. மேனேஜரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, சட்டைப்பையிலிருந்து பென் டிரைவை எடுத்துச் செருகினார். லிப்ரே ஆபீஸ் அதிலிருந்தே ஓடியது. சாயங்காலத்துக்குள் கணக்கு ஓவர்!

இதற்குப் பெயர் 'போர்ட்டபிள்' சாஃப்ட்வேர். சாதா சாஃப்ட்வேர் குடும்பஸ்தன் மாதிரி. குடிவந்தால் அண்டா குண்டாவோடு வருவான். விண்டோஸின் ரெஜிஸ்ட்ரி, அது இது என்று வீடு முழுக்கச் சாமானைப் பரப்புவான். போர்ட்டபிள், திருவல்லிக்கேணி மேன்ஷன் பேச்சலர். ஒரே டிரங்குப் பெட்டி. செட்டிங் சமாசாரமெல்லாம் தன் ஃபோல்டருக்குள்ளேயே. அதனால் பெரும்பாலும் அட்மின் தயவு தேவையில்லை.

2000-ல் ஐ.பி.எம். விற்ற பென் டிரைவின் கொள்ளளவு வெறும் 8 எம்.பி.! இதில் சாஃப்ட்வேரை எங்கே ஓட்டுவது? இடம் பெருகப் பெருக ஆசையும் பெருகியது. 2004-ல் ஜான் ஹாலர் என்ற அமெரிக்கர் ஃபயர்ஃபாக்ஸை பென் டிரைவில் ஓடும்படி மாற்றிக் கொடுத்தார். இன்று வி.எல்.சி., ஜிம்ப், 7-ஜிப் என்று நூற்றுக்கணக்கில் இலவசமாகக் கிடைக்கின்றன.

சரி, நண்பர் கதைக்கு வருவோம். ராத்திரி சென்னை பஸ். உளுந்தூர்பேட்டையில் டீ குடிக்க இறங்கியவர் சட்டைப்பையைத் தடவினார். பகீர்! பென் டிரைவ் திருச்சியில், செருகியது செருகியபடி! அதிலிருந்த ஃபயர்ஃபாக்ஸில் பேங்க், ஈ-மெயில் பாஸ்வேர்டுகள் பூட்டில்லாமல் கிடந்தன. விடிய விடிய செல்போனில் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வந்தார் மனுஷர்.

அவர் பட்ட பாடு நமக்குப் பாடம். பாஸ்வேர்டுகளை பிரவுசரில் விடாமல், 'கீபாஸ்' போன்ற பெட்டகத்தில் வைத்து ஒரே பெரிய பாஸ்வேர்டால் பூட்டுங்கள். வீட்டில் ஒரு காப்பி இருக்கட்டும்; பென் டிரைவ் சொல்லாமல் கொள்ளாமல் மண்டையைப் போடும். பிடுங்குவதற்கு முன் 'எஜெக்ட்' கொடுங்கள். 'தடயமே இருக்காது' என்பதும் பாதி உண்மைதான். எந்த பென் டிரைவ் வந்துபோனது என்று விண்டோஸ் குறித்து வைத்துக்கொள்ளும். ஊர் பேர் தெரியாத கம்ப்யூட்டரில் பேங்க் பக்கமே போகாதீர்கள். அடிக்கிற எழுத்தைத் திருடும் புரோகிராம் அங்கே ஒளிந்திருக்கலாம். ஆபீஸில் பென் டிரைவுக்குத் தடை என்றால், தடைதான். வேலை முக்கியம் ஸார்!

மூன்றாம் நாள் கூரியரில் பென் டிரைவ் வந்து சேர்ந்தது. நண்பர் சாமியைக் கும்பிட்டுவிட்டுச் செருகினார். உள்ளே எல்லாம் பத்திரம்.

கூடவே ஒரு வைரஸ் இலவசம்!