கொடைக்கானல் ஏரிப் படகுக்குள் இத்தனை இங்கிலீஷா! தெரியுமா?

பேத்துப்பாறையில் தங்கியிருக்கும் வெளிநாட்டு விருந்தாளி, கொடைக்கானல் ஏரியில் என்ன செய்யலாம் என்று கேட்கிறார். பெருமாள்மலை வழியாக அவரைக் கூட்டிப்போகும் நம் பிள்ளைகள் சட்டென்று சொல்வது 'போட்டிங்'. அது அசல் இங்கிலீஷ்தான், தெரியுமா? 'கோ போட்டிங்' என்று தைரியமாகச் சொல்லலாம். அரைமணி நேரச் சுற்று என்றால் 'போட் ரைடு'. 'வாயேஜ்' மட்டும் வேண்டவே வேண்டாம். கடல் கடக்கும் நெடும்பயணத்துக்கு உரிய சொல் அது!

காலால் மிதித்தால் 'பெடல்', கையால் துடுப்புப் போட்டால் 'பேடில்'. இதோடு முடிந்ததா? இல்லை! நாம் மிதிக்கும் அதே படகை அமெரிக்கர்கள் 'பேடில் போட்' என்பார்கள். மிதிக்க மிதிக்கச் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரத்துக்குப் பெயர் 'பேடில் வீல்'. பிரிட்டன்காரருக்கோ அந்தப் படகு 'பெடலோ'!

துடுப்பிலும் இரண்டு சாதி உண்டு. கையில் தனியாகப் பிடித்துப் போடுவது 'பேடில்'. படகின் விளிம்பில் மாட்டி வலிப்பது 'ஓர்'. ஓர் வலிக்கிறவர் போகும் திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார், கவனித்திருக்கிறீர்களா? அவர் செய்யும் வேலை 'ரோ'. ஆர்-ஓ-டபிள்யூ என்ற அதே மூன்றெழுத்தை 'ரௌ' என்று உச்சரித்தால் சண்டை என்று பொருள். விருந்தாளியிடம் 'ரோ போட்' என்றே சொல்லுங்கள்!

இந்த ஏரியே மனிதர் உண்டாக்கியது என்பது தெரியுமா? மதுரைக் கலெக்டராக இருந்த வெர் ஹென்றி லெவிஞ் 1863இல் கரை கட்டி நீரைத் தேக்கினார். முதல் படகுகள் வந்தது தூத்துக்குடியிலிருந்து! கடலோரத்துப் படகு மலையேறிய அந்தக் காட்சியை நினைத்தாலே எனக்கு மெய்சிலிர்க்கிறது. போட் கிளப் 1890இல் வந்தது.

எல்லாவற்றையும் மிஞ்சும் செய்தி இது. உலகமே சொல்லும் 'கேட்டமரான்' நம் கட்டுமரம்! கோரமண்டல் கரையில் மரங்களைக் கட்டி மிதக்கவிட்டதைப் பார்த்த ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டாம்பியர், 1697இல் வந்த தன் பயண நூலில் அந்தப் பெயரை எழுதினார். அமெரிக்காவில் நத்தானியல் ஹெரஷாஃப் கட்டிய 'அமரில்லிஸ்' என்ற இரட்டை உடல் படகு 1876இல் நியூயார்க் பந்தயத்தில் மற்றப் படகுகளை முந்தி ஓடியது. இன்று அந்த இரட்டை உடல் வகைக்கே நம் பெயர்தான். நம் பிள்ளைகள் இதை விருந்தாளியிடம் நெஞ்சு நிமிர்த்திச் சொல்ல வேண்டும்!

ஏரியைத் தாண்டினால் வேறு சொற்களும் வேண்டும். கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் போவது 'ஃபெர்ரி': ஒரு கரையில் ஏற்றி மறு கரையில் இறக்குவது. எங்கும் இறங்காமல் சும்மா சுற்றி வந்தால், ஒரு மணி நேரமே ஆனாலும் 'க்ரூஸ்' எனலாம். ஆனால் மோட்டாரோ பாயோ உள்ள கொஞ்சம் பெரிய படகுக்குத்தான் அது பொருந்தும்.

ஏறும்போதும் வித்தியாசம் உண்டு, தெரியுமா? குனிந்து உள்ளே உட்காரும் சின்னப் படகுக்கு 'கெட் இன்', நின்று நடக்க இடமுள்ள ஃபெர்ரிக்கு 'கெட் ஆன்'. இறங்கும்போது முன்னதற்கு 'கெட் அவுட் ஆஃப் த போட்', பின்னதற்கு 'கெட் ஆஃப்'. வெறும் 'கெட் அவுட்' என்று விருந்தாளியிடம் சொல்லிவிடாதீர்கள், விரட்டுவது போல ஆகிவிடும். 'யூ கேன் கெட் அவுட் ஹியர்' என்றால் அதுவே மரியாதை!