கூடங்குளம்: சொல்லப்படாத 56 நாட்கள்

2019 செப்டம்பர் 4 அன்று, நாட்டின் கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் செர்ட்-இன் அமைப்பு இந்திய அணுமின் கழகத்துக்கு ஒரு தகவல் அனுப்பியது. கழகத்தின் கணினி ஒன்றில் வேவு பார்க்கும் தீநிரல் புகுந்திருக்கிறது என்பதே அது. திருநெல்வேலி மாவட்டம் ராதாபுரம் வட்டத்தில் உள்ள கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாக வலையமைப்போடு சம்பந்தப்பட்ட விவகாரம் இது. ஆனால் கூடங்குளத்துக்கும் பக்கத்து ஊரான இடிந்தகரைக்கும் அது தெரியவில்லை. அக்டோபர் 28 அன்று ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் ட்விட்டரில் எழுதிய பிறகுதான் விஷயம் வெளியே கசிந்தது. மறுநாள் நிலையம் மறுத்தது. எங்கள் கட்டுப்பாட்டு அமைப்பு தனித்து இயங்குவது, இணையத்தோடு தொடர்பில்லாதது, அதன்மேல் சைபர் தாக்குதல் நடக்கவே முடியாது என்றது. அதற்கடுத்த நாள், அக்டோபர் 30 அன்று, தீநிரல் புகுந்தது உண்மைதான் என்று கழகமே ஒப்புக்கொண்டது. தகவல் வந்த நாளிலிருந்து எண்ணினால் 56 நாட்கள்.

புகுந்த நிரலுக்கு டிட்ராக் என்று பெயர். நாம் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் பதிவு செய்துகொள்ளும். எந்தத் தளங்களைப் பார்த்தோம், கணினியில் என்னென்ன கோப்புகள் இருக்கின்றன என்பதையெல்லாம் திரட்டி அனுப்பும். இந்திய ஏடிஎம் எந்திரங்களில் அட்டை விவரங்களைத் திருடிய இன்னொரு நிரலும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது என்று காஸ்பர்ஸ்கி நிறுவனம் அந்தச் செப்டம்பரிலேயே கண்டறிந்து வெளியிட்டது. இரண்டுமே வட கொரிய அரசோடு தொடர்புடையதாகச் சொல்லப்படும் லாசரஸ் குழுவின் கைவரிசை என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. அணுமின் நிலையத்தில் வேவு பார்க்கும் கையும் ஏடிஎம்மில் திருடும் கையும் ஒன்றாக இருக்கும் காலம் இது. போர் என்று யாரும் அறிவிப்பதில்லை, செய்தவர் ஒப்புக்கொள்வதுமில்லை.

நேர்மையாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உலையை இயக்கும் கட்டுப்பாட்டு அமைப்பு தனி, நிர்வாகக் கணினிகள் தனி என்ற விளக்கத்தைப் பொய் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. மின்சாரமே இல்லாவிட்டாலும் தானாக வெப்பத்தை வெளியேற்றும் ஏற்பாடும் கூடங்குளம் உலைகளில் உண்டு. ஆனால் ‘நடக்கவே முடியாது’ என்ற சொல்தான் ஆபத்தானது. ஈரானின் நதான்ஸ் ஆலையும் இணையத்தோடு இணைக்கப்படாததுதான். பென் டிரைவ் வழியாகப் பரவக்கூடிய ஸ்டக்ஸ்நெட் நிரல் அங்கே நுழைந்து, யுரேனியம் செறிவூட்டும் எந்திரங்களைச் சிதைத்தது 2010-ல் வெளிவந்தது. வேவுக்கு அடுத்த படி என்ன என்பதை உலகம் அன்றே பார்த்துவிட்டது.

இதையெல்லாம் ஏன் நெல்லைச் சீமையில் உட்கார்ந்து பேச வேண்டும்? கூடங்குளத்தில் தலா 1,000 மெகாவாட் திறனுள்ள இரண்டு உலைகள் ஓடுகின்றன. மேலும் நான்கு கட்டப்படுகின்றன. மகேந்திரகிரியில் இஸ்ரோ ராக்கெட் எந்திரங்களைச் சோதிக்கிறது. விஜயநாராயணத்தில் இருக்கும் கடற்படையின் கட்டபொம்மன் தளம், கடலுக்கடியில் இருக்கும் நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்புகிறது. எல்லை தொலைவில் இருக்கிறது என்று நாம் நிம்மதியாக இருக்கலாம். மறைமுகப் போருக்கு எல்லை கிடையாது.

மின்கட்டமைப்பின் கதையும் இதே திசையில்தான் போகிறது. 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட, கிழக்கு, வடகிழக்கு இந்தியாவில் 60 கோடிப் பேர் வாழும் பகுதி இருண்டபோது தெற்கு தப்பியது. அன்று தென்மண்டலக் கட்டமைப்பு மற்றவற்றோடு ஒரே துடிப்பில் இணைந்திருக்கவில்லை. 2013 டிசம்பர் 31 அன்று இணைந்தது. பற்றாக்குறை நேரத்தில் மின்சாரம் வாங்க இது பெரிய வசதி. அதே கம்பியில் ஆபத்தும் வரும்.

உக்ரைனில் 2015 டிசம்பர் 23 அன்று மூன்று மின்விநியோக நிறுவனங்களின் கணினிகளை வெளியிலிருந்து கைப்பற்றி, சுமார் 2,25,000 இணைப்புகளுக்கு மின்சாரத்தைத் துண்டித்தார்கள். மக்கள் புகார் சொல்லக்கூட முடியாதபடி போலி அழைப்புகளால் வாடிக்கையாளர் தொலைபேசியையும் அடைத்தார்கள். சில மணி நேரத்தில் மின்சாரம் திரும்பியது. ஊழியர்கள் துணைமின் நிலையங்களுக்கு நேரில் போய்க் கையாலேயே சுவிட்சுகளைப் போட்டதுதான் காரணம். கையால் இயக்கத் தெரிந்த ஆட்களையும் அதற்கான ஏற்பாட்டையும் செலவு என்று கழித்துவிடும் நிர்வாகத்துக்கு இதைவிடத் தெளிவான எச்சரிக்கை தேவையில்லை. நம் மாவட்டத்துப் பாபநாசத்தில் 1944 முதல் ஓடும் நீர்மின் நிலையம் அளவில் சிறியதுதான். ஆனால் கட்டமைப்பு முழுவதும் செத்துக் கிடக்கும்போது வெளி மின்சாரத்தை அதிகம் நம்பாமல் முதலில் உயிர்ப்பிக்க ஏற்றவை இப்படிப்பட்ட நீர்மின் நிலையங்களே.

எதிரி யாருமில்லாமலேயே கட்டமைப்பு முடங்குவதற்கு ஒத்திகை பார்த்துவிட்டோம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரை புரண்டு நெல்லை ஜங்ஷன் பேருந்து நிலையம் மூழ்கியது. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் நூற்றுக்கணக்கில் சிக்கிக் கிடந்தார்கள். கரண்டு போனது, பின்னாலேயே செல்போன் டவர் போனது. சிக்னல் இல்லையென்றால் யுபிஐ இல்லை. கரண்டு இல்லையென்றால் ஏடிஎம் இல்லை, மோட்டார் இல்லை, ஆற்றோரம் இருந்தும் குழாயில் குடிநீர் இல்லை. பெற்றவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியாமல் சென்னையிலும் துபாயிலும் பிள்ளைகள் தவித்த தவிப்பை மறந்துவிடக் கூடாது. ஒன்று விழுந்தால் எல்லாம் விழும்படி வாழ்க்கையை அடுக்கி வைத்திருக்கிறோம்.

இப்படி ஒன்று நேர்ந்தால் சட்டம் நமக்கு என்ன கொடுத்திருக்கிறது? முதலில் பணம். கணக்கிலிருந்து நமக்குத் தெரியாமல் பணம் போய், தவறு வங்கியிடமும் இல்லை, நம்மிடமும் இல்லை என்றால், தகவல் வந்த 3 வேலை நாட்களுக்குள் வங்கிக்குச் சொன்னால் நமக்கு ஒரு ரூபாய்கூட இழப்பு வரக் கூடாது. இது ரிசர்வ் வங்கி 2017-ல் வகுத்த விதி. தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் பொறுப்பும் வங்கிக்கே. ஓடிபியை நாமே சொல்லிவிட்டால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. பணம் போனதும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். முதல் சில மணி நேரத்தில்தான் பணத்தை வழியில் மறிக்க முடியும். ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் கழிந்தால் 5 நாட்களுக்குள் திரும்ப வர வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு. புகாருக்கு வங்கி 30 நாட்களில் தீர்வு தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் போகலாம்.

ரேஷன் கடையில் ‘சர்வர் இல்லை, நாளைக்கு வாங்க’ என்று திருப்பி அனுப்புவதும் சரியல்ல. கைரேகை பதியவில்லை, இணைப்பு கிடைக்கவில்லை என்ற காரணங்களால் தகுதியுள்ள குடும்பத்துக்குப் பொருள் மறுக்கக் கூடாது என்று மத்திய அரசு 2017-லேயே மாநிலங்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. மின்தடைக்கு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தை 94987 94987 என்ற எண்ணில் அழைக்கலாம். புகார் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். குறைதீர் மன்றத்துக்குப் போக அதுவே ஆதாரம்.

அறியும் உரிமையில்தான் பெரிய ஓட்டை இருக்கிறது. 2022 ஏப்ரலில் வந்த உத்தரவின்படி சைபர் தாக்குதலை 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னுக்குச் சொல்லியாக வேண்டும். ஆனால் அந்த உத்தரவில் ஊர்மக்களுக்குச் சொல்ல வேண்டும் என்று எதுவும் இல்லை. 2023 நவம்பரில் செர்ட்-இன்னையே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வரம்பிலிருந்து விலக்கிவிட்டார்கள். ஊழல், மனித உரிமை மீறல் பற்றி மட்டும் கேட்கலாம். நம் சொந்த விவரங்கள் கசிந்தால் நமக்கே தெரிவிக்க வேண்டும் என்கிறது 2023-ன் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதன் விதிகள் வெளியானது 2025 நவம்பரில். இந்தக் கடமை நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாதம் அவகாசம். தொழில்நுட்ப ரகசியத்தை யாரும் கேட்கவில்லை. உலைக்குப் பக்கத்தில் தூங்குகிறவர்களுக்கு, ‘நுழைந்திருக்கிறார்கள், இன்ன பகுதி பாதிக்கப்படவில்லை, இன்னது செய்கிறோம்’ என்று சொல்லும் கடமையைச் சட்டத்தில் எழுத வேண்டும் என்பதே என் கோரிக்கை. மறுத்துவிட்டு மறுநாள் ஒப்புக்கொள்ளும் நிர்வாகம், அடுத்த முறை உண்மையைச் சொன்னாலும் நம்ப ஆளிருக்காது. அந்த அவநம்பிக்கையே எதிரிக்குக் கிடைக்கும் லாபம்.

இழப்பீட்டிலும் சிக்கல் இருக்கிறது. 2010-ன் அணுச்சேதப் பொறுப்புச் சட்டம், போர், பகைச்செயல், பயங்கரவாதம் காரணமாக விபத்து நேர்ந்தால் நிலையத்தை நடத்துபவருக்கு விலக்கு அளித்து, பொறுப்பை மத்திய அரசின்மேல் வைத்தது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அதற்கு மாற்றாகப் புதிய அணுசக்திச் சட்டத்தை நிறைவேற்றியது. எந்தச் சட்டமானாலும், கையெழுத்திடாத ஒரு தாக்குதலைப் பகைச்செயல் என்று யார், எத்தனை ஆண்டுகளில் தீர்மானிப்பார்கள்? அதுவரை மீனவக் குடும்பம் காத்திருக்க வேண்டுமா? நம் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இவை.

உள்ளூரிலும் கேட்கலாம். உச்ச நீதிமன்றம் 2013 மே 6 அன்று கூடங்குளம் உலையை இயக்க அனுமதித்தபோது 15 நிபந்தனைகளை விதித்தது. அவசரகால ஆயத்தமும் மக்களுக்கான பயிற்சியும் அவற்றில் அடக்கம். நிலையத்தைச் சுற்றி 16 கிலோமீட்டர் வரை அவசரத் திட்டப் பகுதி. ஜனவரி 26-லிருந்து நவம்பர் 1 வரை ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. கடைசி ஒத்திகை எப்போது நடந்தது, டவர் செத்தால் எந்த வழியில் அறிவிப்பு வரும், குடிநீர் ஏற்றும் நிலையத்தில் ஜெனரேட்டர் இருக்கிறதா, எத்தனை மணி நேர டீசல் இருக்கிறது என்று அங்கே எழுந்து கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, அதன் நகலை வாங்கிக்கொள்ளுங்கள்.