பேசும் பேருந்தும் கேட்கும் கணிப்பொறியும்

மேட்டூர் அணை திறந்தாயிற்று என்ற செய்தி வந்ததும் கடைமடை உழவர் கேட்கும் முதல் கேள்வி, "நம் வாய்க்காலுக்குத் தண்ணீர் எப்போது வரும்?" என்பதாகும். அணையில் நீர் இருந்தால் மட்டும் போதாது. கல்லணையில் பிரிந்து, ஆறுகளிலும் வாய்க்கால்களிலும் ஓடி, கடைசி வயல் வரை வந்து சேர்ந்தால்தான் பயிர் பிழைக்கும். இன்று சாலையில் ஓடும் வண்டிகள் அனுப்பும் செய்திகளின் நிலையும் இதுவே. அச்செய்திகளைக் கேட்டு வாங்கும் கணிப்பொறி அமைப்பு எவ்வாறு கட்டப்படுகிறது என்பதை இங்குக் காண்போம்.

வண்டி பேசுவது எப்படி?

பேருந்து, வாடகைக் கார் போன்றவற்றில் இருப்பிடம் காட்டும் கருவியும், ஆபத்தில் அழுத்த ஒரு பொத்தானும் இருக்க வேண்டும் என்பது ஏ.ஐ.எஸ். 140 என்னும் இந்தியத் தர விதி. 2019 சனவரி 1 முதல் பதிவாகும் புது வண்டிகளுக்கு மத்திய அரசு இதனைக் கட்டாயமாக்கியது. கருவி, செயற்கைக்கோள்களின் குறிப்புகளைக் கொண்டு தன் இருப்பிடத்தைக் கணக்கிடுகிறது. பிறகு வண்டி எண், நேரம், இடம், வேகம் ஆகியவற்றை ஒரு சிறு செய்தியாக்கிச் செல்பேசிக் கோபுரம் வழியே அனுப்புகிறது. 2022 மே மாதத்தில் சென்னையில் அறிமுகமான 'சென்னை பஸ்' செயலி, பேருந்து வரும் இடத்தைப் பயணிக்குக் காட்டியதும் இத்தகைய செய்திகளைக் கொண்டுதான்.

மேகம் வானத்தில் இல்லை

இச்செய்திகள் சென்று சேரும் இடத்தை 'கிளவுட்' அல்லது மேகக் கணிமை என்கிறார்கள். பெயர்தான் மேகம், உண்மையில் அது பல்லாயிரம் கணிப்பொறிகள் அடுக்கப்பட்ட கட்டிடமே. 2015இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் சென்னை, மும்பை, புனே ஆகிய ஊர்களில் இத்தகைய நிலையங்களைத் திறந்தது. வேண்டிய அளவு கணிப்பொறித் திறனை வாடகைக்கு எடுத்து, வேலை குறைந்ததும் திருப்பிவிடலாம் என்பதே இதன் சிறப்பு.

ஒரு பேருந்து 10 நொடிக்கு ஒரு செய்தி அனுப்புவதாகக் கொள்வோம். நாளொன்றுக்கு 8,640 செய்திகள். ஆயிரம் பேருந்துகளுக்கு 86 இலட்சத்து 40 ஆயிரம். அதாவது நொடிக்கு 100. இவற்றை வாங்கிப் பிரிக்கும் வாயிலுக்கு 'புரோக்கர்' என்று பெயர். அது கணிப்பொறி உலகின் கல்லணை எனலாம். வரும் செய்தியை வரைபடத்துக்கு ஒரு பக்கமும், சேமிப்புக்கு ஒரு பக்கமும், ஆபத்து உதவி மையத்துக்கு ஒரு பக்கமும் அது பிரித்துவிடுகிறது. இதற்குப் பெரிதும் பயன்படும் எம்.க்யூ.டி.டி. என்னும் முறை, 1999இல் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிப்பதற்காக உருவானது. தொடர்பு அடிக்கடி அறுந்துபோகும் இடத்துக்கென்றே பிறந்ததால், வண்டிகளுக்கும் அது பொருந்திற்று.

கோபுரம் சாய்ந்தால்?

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயலை நம் மாவட்டத்தார் மறக்க முடியாது. மின்கம்பங்கள் சாய்ந்தன, செல்பேசிகள் ஊமையாயின. அத்தகைய நாளில் இந்த அமைப்பு என்னவாகும்?

கருவி சும்மா இருப்பதில்லை. குறைந்தது 40,000 இருப்பிடக் குறிப்புகளைச் சேர்த்து வைக்க வேண்டும் என்பது விதி. 10 நொடிக்கு ஒன்று வீதம் இது நான்கரை நாளுக்குப் போதும். ஆனால் சிக்கல் பிறகுதான் வருகிறது. கோபுரங்கள் உயிர் பெற்றதும் எல்லா வண்டிகளும் தேங்கிய செய்திகளை ஒரே நேரத்தில் கொட்டும். நொடிக்கு நூறு செய்தி வாங்கிய வாயிலில் இலட்சக்கணக்கில் வந்து மோதினால் கரை உடையும்.

இதற்கு நம் பாட்டன்மார் கண்ட வழியே வழி: முறை வைத்து விடுதல். ஒவ்வொரு வண்டியும் வெவ்வேறு நேரம் காத்திருந்து, சிறிது சிறிதாக அனுப்ப வேண்டும். வந்த செய்திகளை ஏரிபோல் தேக்கி வைக்க ஒரு வரிசை வேண்டும். ஆபத்துப் பொத்தானின் செய்திக்கோ தனி வாய்க்கால் வேண்டும்; அது எந்த வரிசையிலும் நிற்கக் கூடாது.

இன்னொன்றும் உண்டு. செய்தி வந்து சேர்ந்த நேரம் வேறு. அது நிகழ்ந்த நேரம் வேறு. இரண்டையும் குழப்பினால், பேருந்து நேற்று நின்ற இடத்துக்கு இன்று உதவி வண்டி ஓடும். பதில் கிடைக்காத கருவி அதே செய்தியை மீண்டும் அனுப்புவதும் உண்டு. ஆகவே ஒவ்வொரு செய்திக்கும் வரிசை எண் இட்டு, இரண்டாம் முறை வந்ததை ஒதுக்க வேண்டும்.

பூட்டும் தேவை

கதவு இருந்தால் பூட்டும் வேண்டும். 2015இல் அமெரிக்காவில் இரு ஆய்வாளர்கள், ஓடிக்கொண்டிருந்த ஜீப் காரைத் தொலைவிலிருந்தே இணையம் வழியாக அடக்கிக் காட்டினர். அதன் விளைவாக 14 இலட்சம் வண்டிகளைச் சரிசெய்ய நிறுவனம் திரும்ப அழைத்தது. ஒவ்வொரு வண்டிக்கும் தனி அடையாளச் சான்றும், மறைமொழியில் செய்தி அனுப்பும் ஏற்பாடும் இல்லாத அமைப்பு ஆபத்தானது.

நம் கல்லூரி மாணவியர் பலர் மாலை மங்கிய பின் கடைசிப் பேருந்தில் ஊர் திரும்புகின்றனர். அப்பேருந்தில் ஒரு பொத்தான் அழுத்தப்பட்டால், அந்த ஒரு செய்தி ஆயிரம் செய்திகளுக்கிடையே தொலைந்துபோகக் கூடாது. நகரத்தில், நல்ல தொடர்பில், நல்ல வெயிலில் இயங்கும் அமைப்பை எவரும் கட்டலாம். கடைமடை வரை நீர் பாய்ந்ததா என்று பார்ப்பவனே நல்ல நீர்ப்பாய்ச்சி. கோபுரமில்லாச் சிற்றூரின் செய்தியும் வந்து சேர்ந்ததா என்று பார்ப்பவனே நல்ல பொறியாளன். நாளை இத்துறைக்குச் செல்லவிருக்கும் நம் தோழர்கள் இதனை நெஞ்சில் இருத்துவார்களாக!