பெஞ்சு, டீ, பதினைந்து பக்கம்

1792 ஜனவரியில் லண்டனில் 'பெல்' என்ற மதுக்கடையில் தாமஸ் ஹார்டி என்ற செருப்புத் தொழிலாளி சிலரைக் கூட்டிவைத்து ஓட்டுரிமை பற்றிப் பேசினார். வாரச் சந்தா ஒரு பென்னி. லண்டன் கரஸ்பாண்டிங் சொசைட்டி பிறந்தது அப்படித்தான். புதுக்கோட்டையில் அதே மாதிரி சேர்ந்து வாசித்துப் பேசும் வட்டம் ஒன்றைத் தொடங்க மதுக்கடை சரிப்படாது. டாஸ்மாக் பாரில் பெண்கள் கால் வைக்க முடியாது. ஊரில் பாதிப் பேரை வெளியே நிறுத்திவிட்டு சமூகத்தைப் பற்றி என்னத்தைப் பேச? ஆகவே டீக்கடை.

எந்த டீக்கடை என்பதுதான் முதல் வேலை. 2022 டிசம்பர் கடைசியில், வேங்கைவயல் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டதை விசாரிக்கப் போன அன்றைய ஆட்சியர் கவிதா ராமு, பக்கத்து இறையூரில் டீக்கடை ஒன்றில் சாதி பார்த்து தனிக் கிளாஸ் கொடுக்கும் இரட்டைக் குவளை முறை இருந்ததையும் கண்டார். கடைக்காரர் மேல் வழக்குப் பதிவானது. எனவே டீயின் ருசியைவிட கிளாஸைப் பாருங்கள். எல்லாருக்கும் ஒரே தட்டிலிருந்து கிளாஸ் வருகிறதா, வெளியே நின்று குடித்துவிட்டுப் போகிறவர் யார், அவராகவே நிற்கிறாரா என்று இரண்டு மூன்று முறை போய் உட்கார்ந்து கவனியுங்கள். பேப்பர் கப் வந்தபிறகு இது சட்டென்று கண்ணில் படுவதில்லை. பெஞ்சைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அடுத்தது நேரம். ஞாயிறு காலை பத்தரைக்கு மேல் டிபன் கூட்டம் வடிந்திருக்கும். கந்தர்வகோட்டை, ஆலங்குடி, இலுப்பூரிலிருந்து வருகிறவர்கள் பகல் பஸ்ஸிலேயே திரும்பிவிடலாம். பெண்கள் வருவதும் வராததும் பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது. கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இரண்டு மணி நேரம் பெஞ்சைப் பிடித்துக்கொள்வதற்கு ஆளுக்கு இரண்டு டீயாவது குடிப்பதுதான் நியாயம். காசுக்கு ஒரு டப்பா வையுங்கள், முடிந்தவர் போடட்டும். யார் எவ்வளவு போட்டார் என்று யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது.

ஆட்கள் ஆறு முதல் பத்துப் பேர். அதற்கு மேல் போனால் அது கூட்டமாகிவிடும், யாராவது மைக் கேட்பார்கள். நம் ஊரில் இலக்கியக் கூட்டத்துக்கும் பஞ்சமில்லை, பொன்னாடைக்கும் பஞ்சமில்லை. இங்கே வரவேற்புரை, சிறப்பு விருந்தினர், நன்றியுரை எதுவும் வேண்டாம். ஆசிரியர்களும் தொழிற்சங்கக்காரர்களும் அழைக்காமலே வந்துவிடுவார்கள். ஆட்டோ ஓட்டுபவர், ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பவர், நூறு நாள் வேலைக்குப் போகிறவர் ஆகியோரை மெனக்கெட்டுத்தான் அழைக்க வேண்டும்.

என்ன வாசிப்பது? பதினைந்து பக்கத்துக்கு மேல் போகாத பகுதியாக எடுத்து, எழுத்தைப் பெரிதாக்கி ஜெராக்ஸ் போடுங்கள். தமிழில் இதற்குச் சரக்கு குறைவில்லை. கம்யூனிஸ்ட் அறிக்கை 1931-லேயே 'குடி அரசு' இதழில் தமிழில் வெளிவரத் தொடங்கியது. பகத்சிங்கின் 'நான் ஏன் நாத்திகன்?' கட்டுரையை மொழிபெயர்த்ததற்காகப் பொதுவுடைமைத் தலைவர் ஜீவா கைதானார். லாகூரில் நடக்கவிருந்த சாதி எதிர்ப்பு மாநாட்டுக்காக அம்பேத்கர் எழுதி, பேச வாய்ப்பு மறுக்கப்பட்டு, 1936-ல் தன் செலவில் அச்சிட்ட உரை 'ஜாதியை ஒழிக்க வழி' என்று தமிழுக்கு வந்தது. ஓர் எழுத்தின் பின்னால் இப்படி ஒரு கதை இருந்தால் அதை முதலில் சொல்லிவிடுங்கள், கேட்கிறவர் நிமிர்ந்து உட்காருவார். பழைய பதிப்பு தேடுகிறவர்களுக்குத் திருக்கோகர்ணத்தில் கிருஷ்ணமூர்த்தி–டோரதி தம்பதி உருவாக்கிய ஞானாலயா நூலகம் இருக்கிறது.

வீட்டில் படித்துவிட்டு வரச் சொல்லாதீர்கள். பாதிப் பேர் படித்திருக்க மாட்டார்கள், அந்தக் கூச்சத்திலேயே அடுத்த முறை வராமல் போவார்கள். அங்கேயே உரக்க வாசியுங்கள். ஒருவர் பேப்பர் படிக்கப் பத்துப் பேர் சுற்றி நின்று கேட்ட திராவிட இயக்கப் படிப்பகங்களின் வழி அது. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் இந்த மாவட்டத்துப் பெண்களுக்கு எழுத்தையும் சைக்கிளையும் ஒன்றாகக் கற்றுக்கொடுத்தபோது, கிராமங்களில் சுற்றி உட்கார்ந்து வாசித்துப் பழகியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு பத்தி. வாசிக்க விரும்பாதவர் தாளைப் பக்கத்தவரிடம் நகர்த்திவிடலாம், ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது.

பத்தி முடிந்ததும் நிறுத்துங்கள். முதல் கேள்வி "இது சரியா தப்பா?" என்று இருந்தால் வட்டம் அங்கேயே இரண்டு கட்சியாகிவிடும். "என்ன சொல்லியிருக்கு?" என்று கேளுங்கள். அவரவர் சொந்த வார்த்தையில் திருப்பிச் சொல்லட்டும். அரசமைப்புச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு ஒரே ஒரு பத்திதான், வாசிக்க அரை நிமிடம் ஆகாது. தீண்டாமை ஒழிக்கப்பட்டது என்று அது சொல்வதை வாசித்து முடித்ததும் ஆட்டோக்காரர் கேட்பார்: "ஒழிச்சாச்சுன்னு எழுதிட்டா ஒழிஞ்சிருமா சார்?" ஓய்வுபெற்ற ஆசிரியர் தீண்டாமைக் குற்றங்களுக்கான 1955 சட்டத்தையும் வன்கொடுமைத் தடுப்புக்கான 1989 சட்டத்தையும் வரிசையாக எடுத்துவைப்பார். அதற்குள் கல்லூரிப் பெண் ஒருத்தி, டவுனில் வாடகை வீடு தேடியபோது வீட்டுக்காரம்மா அட்வான்ஸைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் "நீங்க எந்த ஆளுங்க?" என்று கேட்டதைச் சொல்வாள். டீ ஆறிப்போகும். அந்த இடத்தில் நடத்துகிறவர் வாயைத் திறக்காமல் இருப்பது நல்லது.

சண்டை வரத்தான் செய்யும். இரண்டு முறை பேசியவர், எல்லாரும் ஒரு முறை பேசும்வரை பொறுக்க வேண்டும். "உங்க கட்சி" என்று ஆரம்பிக்கிறவர் அடுத்த ரவுண்ட் டீக்குக் காசு கொடுக்க வேண்டும். வழக்கமாக இரண்டாவது விதிதான் நன்றாக வேலை செய்கிறது, டப்பாவுக்கும் லாபம். என்ன கூட்டம் இது என்று விசாரித்துக்கொண்டு யாராவது வந்தால், ஒரு ஜெராக்ஸைக் கொடுத்து உட்காரச் சொல்லுங்கள்.

வாட்ஸ்அப் குழு தேதிக்கும் இடத்துக்கும் மட்டும். காலை வணக்கப் படம் போடுகிறவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். அடுத்த முறை என்ன வாசிப்பது என்பதை எழுந்திருக்கும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும். அன்றைக்கு அதிகம் மறுத்துப் பேசியவரையே தேர்ந்தெடுக்கச் சொன்னால் அவர் நிச்சயம் திரும்பி வருவார். மாதம் ஒருமுறை போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒன்றிரண்டு தப்பிப்போகும். தை பிறந்தபின் தேதி குறிக்கும்போது மட்டும் பக்கத்தில் எந்த ஊரில் ஜல்லிக்கட்டு என்று விசாரித்துக்கொள்ளுங்கள். வாடிவாசல் திறக்கிற நாளில் டீ மாஸ்டரே கடையில் இருக்க மாட்டார்.