குதிரை தரும் விஷமுறி

பாம்புக்கடிக்குரிய மருந்து குதிரையிடமிருந்து கிடைக்கிறது என்று வகுப்பில் நாம் சொல்லி முடிக்கவில்லை. மாணவன் ஒருவன் எழுந்தான். "அப்படியானால் குதிரையைப் பாம்பு தீண்டினால் அது சாகாதா, ஐயா?" என்றான்.

நல்ல கேள்வி. கோப்பிக் காலத்தில் துரைமார் குதிரையேறித் தோட்டம் பார்த்த நம் மாத்தளையில் இன்று குதிரையைக் காண்பதே அரிது. ஆயினும், நாவுலை வயலிலோ றத்தோட்டைத் தோட்டத்திலோ நாகம் தீண்டி, விஷமுறி மருந்தால் பிழைத்த ஒருவர், எங்கோ நிற்கும் குதிரைக்குக் கடன்பட்டவரே.

மாணவனுக்கு விடை, சாகும் என்பதே. குதிரை மேயும்போது முகத்தைத் தாழ்த்துகிறது. ஆதலால் பெரும்பாலும் மூக்கிலேயே கடிபடுகிறது. அது வாயால் மூச்சுவிட இயலாத பிராணி. மூக்கு வீங்கி அடைத்துவிட்டால், விஷம் கொல்லுமுன்னரே மூச்சுத் திணறி மாளலாம். அதனால் மிருக வைத்தியர் வீக்கம் முற்றுமுன் நாசித் துவாரங்களில் சிறு குழாய்களைச் செருகி வைப்பார். கடிபட்ட குதிரையை ஓட்டுதல் கூடாது. அசையாது நிறுத்தி வைத்தியரை அழைக்கவேண்டும்.

ஆனால் அதே விஷத்தை அணுவளவாகக் கொடுத்து, வாரக்கணக்கில் சிறிது சிறிதாகக் கூட்டிவந்தால், குதிரையின் குருதியில் எதிர்ப்புப் பொருள் உண்டாகிறது. 1890களில் பிரெஞ்சு மருத்துவர் அல்பேர் கல்மெத் முதலானோர் கண்ட வழி இது. அக்குருதியின் தெளிநீரைப் பிரித்துச் சுத்திகரித்தால் அதுவே மருந்து. இலங்கை வைத்தியசாலைகளில் நெடுங்காலமாக வழங்கிவருவது இந்திய மருந்து. அதற்கு வேண்டிய விஷத்தை அளிப்போருள் மாமல்லபுரத்துக்கு அண்மையில் 1978 முதல் இயங்கும் இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் முக்கியமானவர்கள். அம்மருந்து 1 மில்லிலீற்றர், நாகம் அல்லது கண்ணாடி விரியனின் விஷத்தில் 0.6 மில்லிகிராமையே முறிக்கும். ஒரு நோயாளிக்குப் பத்துக் குப்பிகளும் அதற்கு மேலும் செலவாவது இதனாலேதான்.

அம்மருந்து நாகம், எட்டடி விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் உரியது. நம் தோட்டங்களில் சருகுக்குள் சுருண்டு கிடக்கும் கோப்பி விரியனுக்கு அது உதவாது. சிறிய பாம்புதானே என்று அதனை அசட்டை செய்வோர் உளர். அதன் கடியால் சிறுநீரகம் பழுதுற்றவர்களும், இறந்தவர்களும்கூட உண்டு. எனவே எப்பாம்பு தீண்டியதென வைத்தியர் அறிதல் அவசியம். எட்ட நின்று கைத்தொலைபேசியில் படமெடுக்க முடிந்தால் நன்று. பாம்பைத் துரத்திப் பிடிக்கப் போய் இரண்டாவது கடி வாங்க வேண்டாம். இறுகக் கட்டுதலும், கீறுதலும், வாயால் உறிஞ்சுதலும் தீங்கே. எலும்பு முறிந்தாற்போல் அந்த அங்கத்தை அசையாமல் வைத்து, தாமதமின்றி வைத்தியசாலை சேரவேண்டும். நாட்டு வைத்தியரிடம் நமக்கு மதிப்புண்டு. ஆயினும் இங்கே நாழிகைதான் உயிர்.

குதிரையின் புரதம் சிலருக்கு ஒவ்வாது. நடுக்கமும் மூச்சுமுட்டலும் வரும். மருந்துக்கு முன் சிறிதளவு அட்ரீனலின் ஏற்றினால் இவ்வாபத்துக் குறைகிறதென, 1007 நோயாளரை ஆராய்ந்து 2011இல் இலங்கை வைத்தியர்கள் வெளியிட்டனர்.

அம்மாணவன் மறுநாளும் விடவில்லை. "அந்தக் குதிரைக்கு நோகாதா?" என்றான். நோகும் என்றோம். ஊசி ஏறிய இடம் வீங்கும், கட்டியும் வரும். எடுத்த குருதியின் செவ்வணுக்களைத் திரும்ப அதன் உடலிலேயே செலுத்தும் முறை இப்போது பல இடங்களில் உண்டு.