லேப்டாப்பிலேயே ஒரு ‘டம்மி’ கிளவுட்: டெஸ்ட்டில் பாஸான செயலி நிஜத்தில் சொதப்புவது ஏன்?

ஷாப்பிங் செயலியில், உடைந்து வந்த பொருளின் படத்தைப் பதிவேற்றுகிறீர்கள். படம் அமேசானின் எஸ்3 சேமிப்பகத்துக்குப் போகிறது. புகார் விவரம் டைனமோடிபி தரவுத்தளத்தில் பதிவாகிறது. நிரலில் ஒரு வரியை மாற்றினாலும், இதெல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்று மறுபடி பார்க்க வேண்டும். அதைத் தானாகவே செய்வதுதான் ‘ஆட்டோமேட்டட் டெஸ்ட்’.

நிஜ கிளவுடிலேயே சோதித்தால் என்ன?

சோதிக்கலாம். ஆனால், கிளவுட் என்பது மீட்டர் போட்ட ஆட்டோ மாதிரி. பயன்படுத்தப் பயன்படுத்த பில் ஏறும். சோதனைக்காக உருவாக்கியதை அழிக்க மறந்தால், சும்மா கிடந்தாலும் காசு போகும். அதைவிடப் பெரிய ஆபத்து, முகவரி மாறி வாடிக்கையாளர்களின் உண்மையான தரவில் கை வைத்துவிடுவது.

அப்போ என்ன வழி?

கிளவுட் சேவையைப் போலவே பதில் சொல்லும் ‘எமுலேட்டர்’ மென்பொருளைச் சொந்தக் கணினியில் ஓட்டுவது. டைனமோடிபி லோக்கலை 2013-ல் அமேசானே வெளியிட்டது. மைக்ரோசாஃப்ட்டின் அசூர் சேமிப்பகத்துக்கு ‘அசூரைட்’ இருக்கிறது. அமேசானின் பல சேவைகளை ஒரே இடத்தில் தருவது ‘லோக்கல்ஸ்டாக்’. டாக்கர் கன்டெய்னரில் ஓடும் இது, வழக்கமாக 4566 என்ற போர்ட்டில் காத்திருக்கும். நிரலில் சேவையின் முகவரியை மாற்றி, ரகசியச் சாவிக்குப் பதில் ‘டெஸ்ட்’ என்று கொடுத்தாலே போதும். வேலை முடிந்ததும் கன்டெய்னரை அழித்துவிட்டால், அடுத்த சோதனை புதுசாகத் தொடங்கும்.

சிக்கல் எங்கே?

எமுலேட்டர் கொஞ்சம் தாராள மனசுக்காரர். நொடிக்கு இத்தனை கோரிக்கைதான் என்று நீங்கள் வைத்த வரம்பை டைனமோடிபி லோக்கல் கண்டுகொள்ளாது. நிஜத்தில் கூட்டம் கூடி வரம்பு தாண்டினால், கோரிக்கைகள் நிராகரிக்கப்படலாம். கூகுளின் ஃபயர்ஸ்டோர் எமுலேட்டரும் அப்படித்தான். கூட்டு இண்டெக்ஸ் இல்லாத தேடலுக்கும் பதில் தந்துவிடும். வழக்கமான ஃபயர்ஸ்டோரில் அதே தேடல் பிழையாகத் திரும்பும். ‘டெஸ்ட்’ சாவியையே ஏற்கும் இடத்தில், அனுமதி அமைப்புகளில் உள்ள ஓட்டையும் தெரியாமல் போகலாம்.

எதை எங்கே சோதிப்பது?

ஒவ்வொரு சின்ன மாற்றத்துக்கும் எமுலேட்டர் போதும். வெளியிடும் முன், வாடிக்கையாளர் தரவே இல்லாத தனிக் கணக்கில், நிஜ கிளவுடில் சில சோதனைகளையாவது ஓட்டிப் பார்ப்பது அவசியம். அனுமதி, வரம்பு, இண்டெக்ஸ் மூன்றும் அங்கேதான் உண்மையைச் சொல்லும். இல்லையென்றால், அந்தச் சோதனையைப் பண்டிகைத் தள்ளுபடி நாளில் வாடிக்கையாளர்களே செய்ய வேண்டிவரும்.