இலவு காத்த கிளி

தில்லிக்கு மாற்றலாகி வந்த முதல் சில மாதங்கள் நான் நாள்காட்டியோடுதான் குடித்தனம் நடத்தினேன். மகளின் படிப்பை முன்னிட்டுக் குடும்பம் தஞ்சாவூரிலேயே தங்கிவிட்டது. மூன்றாண்டுகள் கழிந்தால் ஊர் திரும்பலாம் என்ற கணக்கில், ஒவ்வொரு நாளையும் அடித்துக்கொண்டே வந்தேன். காலையில் மயூர் விஹாரில் மெட்ரோ ஏறியதும் கைப்பேசியில் கவிழும் தலை, இறங்கும்போதுதான் நிமிரும். வழியில் ரயில் யமுனையைக் கடக்கிறது என்பது தெரியும். ஆற்றைப் பார்த்த நினைவில்லை.

இரவில் அம்மா தொலைபேசியில் அழைப்பார். "இன்னிக்கு என்னப்பா விசேஷம்?" "ஒண்ணுமில்லம்மா." இரண்டு நிமிடத்தில் பேச்சு முடிந்துவிடும். எழுபத்தெட்டு வயதுத் தாயிடம் சொல்வதற்கு ஒரு முழு நாளிலும் ஒன்றுமே இல்லையா என்ற எண்ணம் ஒரு மார்ச் மாத இரவில் என்னை உறுத்தியது.

மறுநாள் மெட்ரோவிலிருந்து இறங்கியதும் கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டு நடந்தேன். நடைபாதையில் உள்ளங்கை அளவில் தடித்த செந்நிறப் பூக்கள் கிடந்தன. அண்ணாந்து பார்த்தால், இலையே இல்லாத பெரிய மரம் முழுவதும் பூக்கள். அவற்றில் தேன் குடிக்கும் மைனாக்களும் காகங்களும். இங்குள்ளோர் அதனைச் சேமல் என்பர். இரவு அம்மாவிடம் சொன்னேன். "அடிமரத்துல முள்ளு இருக்கான்னு பாரு. இருந்தா அது முள்ளிலவு" என்றார். அன்று இருபது நிமிடம் பேசினோம்.

'இலவு காத்த கிளி' என்று நாம் சொல்வது இந்த மரத்தை வைத்துத்தான். காய் பழுக்கும் என்று காத்திருந்த கிளிக்கு, அது வெடித்தபோது கிடைத்தது பஞ்சு. பூத்த பருவத்தில் வந்த மைனாவுக்கோ தேன் கிடைத்தது. மாற்றல் உத்தரவுக்காகக் காத்திருந்த நானும் அந்தக் கிளியாகத்தான் இருந்தேன்.

கவனமும் ஒரு செல்வமே

வணிகவியல் படித்தவனுக்கு எதையும் வரவு செலவாகக் காண்பதே பழக்கம். பொருளியலுக்கான நோபல் பரிசை 1978-இல் பெற்ற ஹெர்பர்ட் சைமன், 1971-ஆம் ஆண்டிலேயே ஒன்றைச் சுட்டிக்காட்டினார்: தகவல் பெருகப் பெருக அது உண்டு தீர்ப்பது மனிதரின் கவனத்தை, ஆகவே தகவல் மிகுந்த உலகில் தட்டுப்பாடாவது கவனமே. பணத்தை இன்று சேமித்து நாளை செலவிடலாம். கவனத்தை அவ்வாறு சேமிக்க இயலாது; அது அன்றன்றே செலவாகிவிடும். எதற்குச் செலவாக வேண்டும் என்பதை மட்டும் ஓரளவு நாம் முடிவு செய்யலாம்.

பெயர் தெரிந்தால் கண் தெரியும்

சங்கப் புலவர் கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களைப் பெயர் சொல்லி அடுக்குகிறார். இலவமும் கொன்றையும் அதில் அடுத்தடுத்து நிற்கின்றன. பெயர் தெரிந்த பூவைக் கண் எளிதில் கடந்துபோவதில்லை.

தில்லியிலேயே இதற்குச் சான்றாக ஒருவர் உண்டு. பிரதீப் கிருஷன் 1985-இல் 'மாஸி சாஹிப்' என்ற திரைப்படத்தை இயக்கியவர். பின்னர் திரையுலகை விட்டு விலகி, மரங்களின்பால் கவனத்தைத் திருப்பினார். அவர் தாவரவியல் பயின்றவர் அல்லர். தாமே பார்த்துப் பார்த்துக் கற்றார். தில்லியின் மரங்களைப் பற்றி அவர் எழுதிய ஆங்கில வழிகாட்டி நூல் 2006-இல் வெளிவந்தது. அம்மரங்கள் அதற்கு முன்பும் அங்கேயேதான் நின்றன. நூல் புதிதாகத் தந்தது, அவற்றைக் காணும் கண்ணை.

கவனத்தைப் பறிப்போர்

வங்கிப் பணியில் இதன் மறுபக்கத்தையும் காண்கிறேன். 'உங்கள் கணக்கு இன்றே முடக்கப்படும்' என்று அழைக்கும் மோசடிக்காரன் முதலில் பறிப்பது பணத்தை அன்று, கவனத்தை. அச்சமூட்டி, அவசரப்படுத்தி, அருகிலிருப்பவரிடம் கேட்கவும் விடாமல் நம்மைப் பிடித்துவைப்பதே அவனது உத்தி. அழைப்பைத் துண்டித்துவிட்டு நிதானமாக யோசிப்பவரிடம் அது பலிக்காது. ஒருவேளை பணம் பறிபோய்விட்டால், உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள், வங்கிக்கும் தெரிவியுங்கள்.

எளிய பழக்கங்கள்

நான் கைக்கொண்டவை மூன்றே. ரயில் யமுனையைக் கடக்கும்போது கைப்பேசி பைக்குள் இருக்கும். இரவுப் பேச்சுக்கென்று அன்றாடம் கண்ட ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வேன். மாதம் ஒரு மரத்தின் பெயரையாவது கற்பேன். இவற்றுக்குச் செலவு ஏதும் இல்லை.

கவலைகள் தீர்ந்துவிட்டன என்று சொல்ல மாட்டேன். அம்மாவின் முழங்கால் வலியும், குடும்பத்தைப் பிரிந்திருக்கும் வருத்தமும் அப்படியேதான் இருக்கின்றன. ஆனால் அவற்றுக்கு நடுவே கழிந்த நாள்கள் வெற்று நாள்களாகக் கழியவில்லை.

இது மே மாதம். அம்ருதா ஷெர்கில் மார்கில் சரக்கொன்றை பூக்கும் பருவம். மழை தொடங்கினால் கர்த்தவ்ய பாதையின் ஓரங்களில் நாவற்பழம் உதிரும். மாற்றல் உத்தரவு எப்போது வரும் என்று தெரியாது. நேற்றிரவு அம்மா அதைப் பற்றிக் கேட்கவில்லை.

"கொன்னை பூத்துருச்சாப்பா? ஞாயித்துக்கிழமை போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு" என்றார்.